விழித்திருக்கும் கண்களுக்கு



இக்கிழமை உங்களுக்குப் போதிக்குமுன் என் பிழை ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கரையோரப் பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு தாய் அறைவீட்டுக்கு வந்தார். மறுநாட் பூசைக்குரிய பிரசங்கம் எழுதி முடியவில்லை. மறைக்கல்வி ஆசிரியர்கள் வேறு வெளியே காத்திருந்தார்கள். விறாந்தை வாங்கில் அமர்ந்தவர் வெகுநேரம் பேசாதிருந்துவிட்டு, "சுவாமி, எனக்கு நித்திரை இல்லை" என்றார். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். "கணக்கில்லை சுவாமி" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? புயலின் நடுவே படகில் நித்திரை கொண்ட ஆண்டவரை அவருக்குக் காட்டினேன். "எல்லாவற்றையும் கடவுளின் கையிலே விட்டிட்டுப் படுங்கோ அம்மா. படுத்தபடியே செபமாலை சொல்லுங்கோ. மூன்றாம் தேவ இரகசியம் முடியமுன்னம் நித்திரை வந்திடும்" என்று சொல்லி, ஆசீர்வாதமும் கொடுத்து அனுப்பிவிட்டேன். நல்ல ஆலோசனை சொல்லிவிட்டோம் என்ற திருப்தி வேறு எனக்கு.

மூன்று மாதம் கழித்து அதே வாங்கில் அவர் மறுபடியும் வந்து அமர்ந்தார். "சுவாமி, முந்தி எனக்கு நித்திரை மட்டும்தான் இல்லை. இப்ப விசுவாசமும் இல்லையோ எண்டு பயமாக் கிடக்கு. அம்பத்துமூண்டு மணியையும் முடிச்சிட்டுத் திரும்பத் தொடங்குறன். அப்பவும் முழிச்சுத்தான் கிடக்கிறன். கடவுள் தனக்குப் பிரியமான ஆக்களுக்குத்தானே நித்திரையைக் குடுப்பார் எண்டு வேதாகமத்திலை கிடக்கு?"

இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்று எழுதுவது அந்த மறுமொழியைத்தான். காலம் தாழ்த்தி எழுதுகிறேன். ஆனால் அவரைப்போல எத்தனையோ பேர் உங்கள் வீடுகளிலே இந்த இரவும் கண் மூடாமற் கிடப்பார்கள் என்பதை நான் அறிவேன்.

முதலில், நான் அன்று பாதியாகக் காட்டிய ஆண்டவரை முழுமையாகக் காட்ட வேண்டும். கலிலேயாக் கடலிலே, படகின் பின்புறத்தில், தலையணைமேல் தலைவைத்து நித்திரை கொண்டவர் அவர்தான் (மாற். 4:38). ஜெத்சமனித் தோட்டத்திலே கண் மூடாமல், நிலத்தில் விழுந்து மன்றாடியவரும் அவரேதான். அந்த இரவில் நித்திரை கொண்டவர்கள் சீடர்கள். துயரத்தினால் களைத்து நித்திரையானார்கள் என்று லூக்கா அவர்களுக்காகப் பரிந்து எழுதுகிறார் (லூக். 22:45). நித்திரையை விசுவாசத்தின் அளவுகோலாக வைத்தால், அந்தத் தோட்டத்திலே இராயப்பர் விசுவாசத்தில் சிறந்தவர், ஆண்டவர் குறைந்தவர் என்றல்லவா சொல்ல நேரிடும்! புனித சின்னப்பரும் தாம் பட்ட பாடுகளை வரிசைப்படுத்தும்போது பசி, தாகம், குளிர் ஆகியவற்றோடு நித்திரையற்ற இரவுகளையும் சேர்த்தே எண்ணுகிறார் (2 கொரி. 11:27). யோபு விடியும்வரை புரண்டு புரண்டு படுத்ததைச் சொல்லுகிறார். 77ஆம் சங்கீதத்தைப் பாடியவரோ ஒரு படி மேலே போய், தம் கண் இமைகளை மூடவிடாமற் பிடித்திருப்பவர் கடவுளே என்று அவர்மீதே குறை சொல்லுகிறார். அந்தக் குறையை ஆண்டவர் செபமாக ஏற்றுக்கொண்டார். அதனாலேதான் அது இன்றும் சங்கீதப் புத்தகத்தில் இருக்கிறது.

ஆகவே, நித்திரை வராத சகோதரனே, சகோதரியே, உங்கள்மேல் யாராவது விசுவாசக் குறை என்று பழி போட்டிருந்தால், அது ஒரு குருவானவரின் வாயிலிருந்தே வந்திருந்தாலும், அதை இன்றே இறக்கி வைத்துவிடுங்கள்.

இனி நோயைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓர் இரவு, இரண்டு இரவு நித்திரை வராமற்போவது எல்லோருக்கும் உள்ளது. மகளுக்குக் கலியாணம், மகனுக்குப் பரீட்சை, வங்கியில் கடன் என்று ஏதாவது ஒன்று நம்மை எழுப்பிவிடும். அது தீர்ந்ததும் நித்திரையும் திரும்பிவிடும். கிழமைக்கு மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேலாக, படுக்க நேரமும் இடமும் இருந்தும் நித்திரை வராமல், பகல் வேலையும் அதனாற் கெடுமானால், அதை நீடித்த நித்திரையின்மை என்று வைத்தியர்கள் கொள்ளுகிறார்கள்.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இந்த நோய்க்கு ஓர் எளிய விளக்கம் கொடுத்தார். சிலருக்கு இயல்பிலேயே நித்திரை மெல்லியது. அதன்மேல் ஒரு துன்பம் வந்து விழுகிறது. அந்தத் துன்பம் போனபின்னரும் நித்திரை திரும்புவதில்லை. ஏனென்றால் அதைப் பிடிப்பதற்காக நாம் பழகிக்கொண்ட பழக்கங்களே அதை விரட்டிக்கொண்டிருக்கும். நேரத்தோடே போய்ப் படுப்பது, விடிந்தபின்னும் கிடப்பது, பகலில் கண்ணயர்வது, மணிக்கூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது எல்லாம் அந்தப் பழக்கங்களிலே சேரும்.

அந்தத் தாயின் கதையும் இப்படித்தான். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அவர் வன்னியிலே இரண்டு பிள்ளைகளோடு இடத்துக்கு இடம் ஓடியவர். இரவில் ஒரு காது எப்பொழுதும் விழித்திருக்க வேண்டும். எறிகணைச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்க வேண்டும். அந்தக் காதுதான் பிள்ளைகளைக் காப்பாற்றியது. அந்த ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தது. பிள்ளைகள் வளர்ந்து, ஒருத்தி கலியாணமும் முடித்துவிட்டாள். காதுக்கு மட்டும் போர் முடிந்ததை ஒருவரும் சொல்லவில்லை. இதையெல்லாம் முதல் நாளிலேயே கேட்டறியாமல் அவருக்குப் படகையும் தலையணையையும் காட்டினேனே என்று நினைக்க இன்றும் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

நல்ல வேளையாக, அவருடைய மகள் தாயை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். நித்திரையின்மைக்கு இன்று முதலிடம் பெறும் சிகிச்சை குளிசை அல்ல. அறிகை நடத்தைச் சிகிச்சை என்று உளவியலாளர்கள் அழைக்கும் பயிற்சியே முதலிற் கொடுக்கப்பட வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. கிழமைக்கு ஒரு தடவையாக ஆறு, எட்டுத் தடவைகளில் இதைக் கற்பிப்பார்கள். நித்திரை வந்தால் மட்டும் படுக்கைக்குப் போகவேண்டும். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் நித்திரை வராவிட்டால் எழும்பி வேறிடத்தில் இருக்கவேண்டும். எந்த இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழும்பவேண்டும். எட்டு மணித்தியாலம் கட்டிலிற் கிடந்து ஐந்தரை மணித்தியாலம்தான் நித்திரை கொள்ளுகிறவர், ஐந்தரை மணித்தியாலம் மட்டுமே கட்டிலில் இருக்கவேண்டும்; நித்திரை இறுகி வரவர, கால் மணித்தியாலமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். ஐந்து மணித்தியாலத்துக்குக் கீழே குறைப்பதில்லை. வலிப்பு உள்ளவர்களும், மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வருகிறவர்களும் வைத்தியரைக் கேளாமல் இப்படிக் குறைக்கலாகாது. வாகனம் ஓட்டுகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் தொடக்கக் கிழமைகளில் மிகுந்த அவதானமாயிருக்க வேண்டும்.

கேட்கக் கடுமையாகத் தோன்றினாலும் இது நல்ல சிகிச்சை. பலருடைய வாழ்வை மாற்றியிருக்கிறது. இதுவரை செய்து பாராதவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். நான் மேலே எழுதப்போவதைச் சாட்டாக வைத்து விட்டுவிடாதீர்கள்.

ஆனால் செய்தவர்கள் எல்லோரும் முழுச்சுகம் அடைவதில்லை. பலர் தேறுகிறார்கள், பலருக்குப் பாதிதான் தேறுகிறது, சிலருக்கு அசைவதே இல்லை. இந்தத் தாய் இரண்டு மாதமும் ஒருநாள் தவறாமற் செய்தார். படுத்ததும் நித்திரை வரத் தொடங்கியது. அது பெரிய நன்மைதான். ஆனால் இரண்டு மணிக்கு விழிப்பு வருவதும், நாலு மணிவரை கொட்டக் கொட்ட விழித்திருப்பதும் போகவில்லை. "சுவாமி, நீங்கள் தந்ததிலும் நான் பெயில், டொக்டர் தந்ததிலும் நான் பெயில்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை என்னாற் பார்க்க முடியவில்லை.

இந்த இடத்தில் நிற்கிறவர்களுக்கே இன்று விசேடமாக எழுதுகிறேன். சொன்னதையெல்லாம் செய்தோம், இன்னும் விழித்திருக்கிறோம், இனி என்ன?

முதலாவது, வைத்தியரிடம் திரும்பிப் போகவேண்டும். சிகிச்சை தோற்றதென்றால் நீங்கள் தோற்றீர்கள் என்பது கருத்தல்ல. நோய் வேறிடத்தில் ஒளிந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருடக்கணக்காக இரவில் பல தடவை திடுக்கிட்டு எழும்புவார். பயிற்சிகள் எதுவும் பலிக்கவில்லை. அவர் வைத்தியருக்குச் சொல்லாத ஒன்றை அவருடைய மனைவிதான் போய்ச் சொன்னார்: மனுஷன் விடுகிற குறட்டையைத் தாங்கமாட்டாமல் தான் மண்டபத்திற் பாய் விரித்துப் படுப்பதாகவும், குறட்டை இடையில் நின்று மூச்சே இல்லாமற்போய்ப் பிறகு பெரிய இழுப்போடு திரும்பி வருவதாகவும். நித்திரையில் தொண்டை ஒடுங்கி மூச்சு அடைபடும் நோய் அது. இரவில் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் இயந்திரம் ஒன்றோடு இப்போது படுக்கிறார். மனைவியும் அறைக்குத் திரும்பிவிட்டார்.

இப்படி இன்னும் உண்டு. படுத்ததும் கால்களுக்குள்ளே ஏதோ ஊர்வதுபோல அந்தரமாகி, அசைத்தால் மட்டும் சுகம் தருகிற நோய்க்கு இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவது ஒரு காரணமாகலாம். பெண்களே, இதைக் கவனியுங்கள். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலைசெய்தாலும், மாதவிலக்கு நிற்கும் வயதில் உடல் திடீரென்று கொதித்து வியர்த்தாலும், நெஞ்செரிவும் மூட்டுவலியும் இருந்தாலும் நித்திரை கெடும். சலம் போகக் கொடுத்த குளிசையைப் பின்னேரத்திற் போட்டால் இரவு முழுவதும் எழும்பவேண்டி வரும். ஸ்டீரொயிட் மருந்து நித்திரையைக் குழப்பும். விடியப்புறம் மூன்று மணிக்கே விழித்து, எதிலும் மனம் பற்றாமல், அழுகை வந்துகொண்டேயிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. போரின் காட்சிகள் கனவாகத் திரும்பி வருகிறவர்களுக்கும் தனிச் சிகிச்சை உண்டு: அந்தக் கனவின் முடிவைப் பகல் வெளிச்சத்திலே வேறுவிதமாக மாற்றி எழுதி, அதை மனத்திலே திரும்பத் திரும்பப் பழகச் சொல்லிக் கொடுப்பார்கள். உளமருத்துவரிடம் போவதற்கு நம்மவர்களிடம் இன்னும் இருக்கிற கூச்சம் வீண். காலிலே முள் தைத்தால் வைத்தியரிடம் காட்டுகிறோமே, இதற்கு மட்டும் ஏன் வெட்கம்?

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் ஒன்று, பூசையால் வந்து ஒன்று, தொலைக்காட்சிக்கு முன்னே ஒன்று என்று எண்ணிக்கையில்லாமல் ஓடும். தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனின் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் செல்லும். நித்திரைக்காக என்று சொல்லிச் சாராயம் குடிக்கிற ஆண்களுக்கும் சொல்லுகிறேன்: அது முன்னிரவில் உங்களை வீழ்த்தும், பின்னிரவில் எழுப்பிவிடும். (விடியமுன்னரே ஊரை எழுப்பும் திருவிழாக் கால ஒலிபெருக்கியைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்பீர்கள் என்று தெரியும். அந்தக் குற்றத்தில் குருக்களாகிய எங்களுக்கும் பங்குண்டு.)

நித்திரைக் குளிசை போடுவது பாவமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பாவமில்லை. வைத்தியர் தேவையென்று கண்டு, அளவோடும் காலவரையறையோடும் தந்தால் அதை நன்றியோடு போடலாம். ஆனால் பக்கத்து வீட்டு ஆச்சியின் குளிசையில் பாதியை வாங்கிப் போடாதீர்கள். வயது போனவர்கள் அந்த மயக்கத்தோடு இரவில் எழும்பி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளுகிறார்கள். நெடுங்காலம் போட்டுவந்தவர்கள் ஒரு நாளில் திடீரென்று நிறுத்தவுங்கூடாது. சில வகைக் குளிசைகளை அப்படி நிறுத்தினால் வலிப்பே வரலாம். வைத்தியரின் கண்காணிப்பிலே படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னரும் விழித்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தாயையும் வைத்தியர் மறுபடி சோதித்தார். வேறு நோய் எதுவும் அகப்படவில்லை. இங்கேதான் அவர் என்னிடம் கேட்ட அந்த வேதவசனத்துக்கு வருகிறேன்.

127ஆம் சங்கீதத்தை எடுத்து மெல்ல வாசித்துப் பாருங்கள். அதிகாலையில் எழும்பி, இரவில் நேரஞ்சென்று படுத்து, வருந்தி வருந்தி உழைப்பவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது அது. வீட்டைக் கட்டுவதும் நகரைக் காப்பதும் கடவுளின்றி வீண் என்று சொல்லிவிட்டுத்தான், நித்திரை அவர் தரும் கொடை என்று அந்தப் பாடல் முடிவுகட்டுகிறது. நித்திரை கொள்ளுகிறவன் கடவுளுக்குப் பிரியமானவன், விழித்திருப்பவன் பிரியமற்றவன் என்று அங்கே சொல்லப்படவில்லை. நித்திரை கொடை, அது கூலி அல்ல, முயன்று சம்பாதிக்கும் பொருளும் அல்ல என்பதே அங்கே சொல்லப்படுகிறது.

கடற்றொழில் செய்யும் நம் மக்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வலையைப் பொத்தலில்லாமல் வைத்திருக்கலாம். நீரோட்டம் பார்க்கலாம், காற்றுப் பார்க்கலாம், நேரத்துக்கு இறங்கலாம். வலையை விரித்தபின் மீனை உள்ளே வா என்று அதட்ட முடியாது. இராயப்பரே ஓர் இரவு முழுவதும் பாடுபட்டு ஒன்றும் பிடிக்கவில்லையே! அந்தச் சிகிச்சையும் வலை விரிக்கிற வேலைதான். அதை ஒழுங்காகச் செய்யவேண்டும். ஆனால் அந்தத் தாய், நான் கொடுத்த செபமாலையையும் வைத்தியர் கொடுத்த பயிற்சியையும் ஒரே விதமாகத்தான் பிடித்துக்கொண்டார்: ஒவ்வோர் இரவும் ஒரு பரீட்சை, காலையில் புள்ளி. நித்திரை கொள்ளவேண்டும், கொள்ளவேண்டும் என்று மனம் கைமுட்டியை இறுக்கினால் உடல் அதைக் காவற்கடமை என்றே எடுத்துக்கொள்ளும். காவலாளி எப்படி நித்திரை கொள்ளுவான்?

நாசி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பிய வியன்னா நகர உளமருத்துவர் விக்டர் பிராங்கிள், இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு விநோதமான வழியைச் சொன்னார். நித்திரை கொள்ள முயலாதே; படுத்துக்கொண்டு விழித்திருக்க முயன்று பார் என்றார். முயற்சி விலகினால் பயம் விலகும். பயம் விலகினால் சிலவேளை நித்திரை தானாக வரும். அண்மைக் காலங்களில், அறிகை நடத்தைச் சிகிச்சை போதாமற்போனவர்களுக்கு, விழிப்பை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ளும் மனப்பயிற்சிகளையும் உளவியலாளர் கற்பிக்கிறார்கள். நம் துறவிகள் காலங்காலமாகக் கையளித்தல் என்று சொல்லிவந்தது இதற்குத் தூரமானதல்ல என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: நித்திரை வரும் என்பதற்காகக் கையளித்தால் அது கையளித்தல் ஆகாது. அதுவும் இன்னொரு முட்டி இறுக்கம்தான்.

செபமாலையில் நான் விட்ட பிழையும் அதுவே. தேவமாதாவின் செபமாலையை நித்திரைக் குளிசையாக்கிக் கொடுத்துவிட்டேன். குளிசை வேலைசெய்யாவிட்டால் போத்தலை எறிவார்கள். அவர் செபமாலையை எறியாதது அவருடைய புண்ணியம். இரவில் செபியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நித்திரை வந்தாலும் வராவிட்டாலும் சரி என்று செபியுங்கள். களைத்த மூளைக்கு நீண்ட செபம் வேண்டாம். "ஆண்டவரே, நான் விழித்திருக்கிறேன், நீரும் விழித்திருக்கிறீர்" என்ற அளவே போதும். இஸ்ராயேலின் காவலர் கண்ணயர்வதுமில்லை, நித்திரை கொள்வதுமில்லை என்பதை 121ஆம் சங்கீதத்தில் நீங்கள் அறிந்திருக்கிறீர்கள். இரண்டு மணிக்கு ஊரே உறங்கும்போது உங்களோடு துணைக்கு விழித்திருப்பவர் ஒருவர் உண்டு.

குழந்தை யேசுவின் புனித திரேசம்மாள் செபநேரத்திலே நித்திரையாகிவிடுகிற பலவீனம் உள்ளவர். பெற்றார் பிள்ளைகளை விழித்திருக்கும்போதும் உறங்கும்போதும் ஒரேயளவாகத்தானே நேசிக்கிறார்கள் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். அதே திரேசம்மாள் 1897இல் காசநோயின் கடைசி மாதங்களில், வேதனையால் நித்திரை கொள்ள முடியாமற் கிடந்தபோது, செபிப்பதாகச் சொன்னார். என்ன சொல்லிச் செபிக்கிறாய் என்று கேட்டதற்கு, ஒன்றும் சொல்வதில்லை, அவரை நேசிக்கிறேன் என்ற கருத்தில் மறுமொழி கொடுத்தார். நித்திரையிலும் விழிப்பிலும் அவர் ஒரே பிள்ளைதான்.

வீட்டாருக்கும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். விழிப்பு வந்ததும் ஒருவர் எழும்பிப் போய் இருப்பதற்கு ஒரு கதிரையும் மங்கலான வெளிச்சமும் வீட்டில் ஆயத்தமாக இருக்கட்டும். "ஏன் பேயைப் போல இருக்கிறாய், வந்து படு" என்று கூப்பிடாதீர்கள். அவர் தன் சிகிச்சையைச் செய்கிறார். காலையில் எழும்பியதும் எழும்பாததுமாக "ராத்திரி நித்திரை கொண்டாயா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அன்பினாலேதான் கேட்கிறீர்கள், ஆனால் பரீட்சைப் பெறுபேறு கேட்பதுபோல அவருக்கு அது விழும். அதற்குப் பதிலாக, கணவன்மாரே, எழும்பி அடுப்பை மூட்டுங்கள், தேங்காயைத் துருவுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளிக்கிடுத்துங்கள். எலியாஸ் தீர்க்கதரிசி களைத்து, சாகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு செடியின்கீழ் விழுந்தபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்துத் தட்டி எழுப்பினான், உண்டபின் மறுபடி படுக்கவும் விட்டான் (1 அரச. 19). அதைப் பார்க்கத் தெரியாத குருவானவனாக நான் இருந்தேன்.

எலியாஸ் கேட்டதைப்போல, உயிரோடிருந்து என்ன பயன் என்ற நினைவு நித்திரையில்லாத இரவில் யாருக்காவது வந்தால், விடியும்வரைகூடக் காத்திராமல் வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். அறைவீட்டுக் கதவையும் தட்டலாம். எந்த நேரமானாலும் தட்டலாம். இரவு மூன்று மணிக்கு எல்லாம் இருப்பதைவிட இருளாகவே தெரியும்.

அந்தத் தாயைப் போன மாதம் ஒரு திருவிழாவிலே கண்டேன். இரண்டு மணி விழிப்பு இன்னும் உண்டாம், ஆனால் எல்லா இரவும் இல்லையாம். எழும்பி விறாந்தைக் கதிரையில் போய் இருப்பாராம். வள்ளங்கள் வெளிக்கிடும் சத்தம் கேட்கும். போகிறவர்களுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே, ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும் தாதிமாருக்காக ஒன்று, தன்னைப்போல எங்கேயோ முழித்துக் கிடக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லுவாராம். பிறகு சிலவேளை கண் சொருகும், சிலவேளை சொருகாது. இரவில் எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்ளுகிறீர்கள் அம்மா என்று, வீட்டாருக்குக் கேட்கவேண்டாமென்று சொன்ன கேள்வியை நானே மறந்துபோய்க் கேட்டுவிட்டேன்.

"தெரியாது சுவாமி" என்றார். "மணிக்கூட்டைக் கொண்டுபோய்க் குசினிக்குள்ளை வைச்சிட்டன்."